எங்கள் பேச்சைக் கேட்டவர்கள்

1

ஜேர்மனியின் மேற்கே, நிலக்கரிச் சுரங்கங்களை மூடிவிட்டு இனி என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஒரு சிறிய நகரத்தில் வசிக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பல் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டை மசித்துக் கொடுப்பது என் பொறுப்பு. இங்கே வந்த காலத்திலிருந்து மசித்துக்கொண்டிருக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். மகன் டானியல் என்னோடுதான் இருக்கிறான். இருக்கிறான் என்றால், அவனுடைய சப்பாத்துகள் வாசலில் இருக்கின்றன.

சென்ற மாரியில் ஒரு நாள், கிழங்கு வடித்துக்கொண்டிருந்தபோது பொலிஸிலிருந்து அழைத்தார்கள். டானியலுக்கு ஏதோ விபத்து என்றுதான் நினைத்தேன். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையான குரல், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றது.

"உங்களுடைய தொலைபேசியைப் பற்றித்தான் கொஞ்சம் கேட்க வேண்டும்."

"என் தொலைபேசி தொலையவில்லையே" என்றேன். அதிலேதானே பேசிக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றாள் அவள்.

அந்தத் 'தெரியும்' எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்பில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அது ஏன் பிடிக்காது என்று சொல்லத் தேவையில்லை.

2

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். டடி துறைமுகத்தில் கிளார்க். எங்கள் வீட்டில் தொலைபேசி வந்த நாளிலேயே அதோடு ஒரு சட்டமும் வந்தது: "ஃபோன்ல ஒண்டும் கதைக்கக் கூடாது." பிறகு எதற்கு ஃபோன் என்று மம்மி கேட்டா. "சுகமோ எண்டு கேக்க" என்றார் டடி.

என் அக்கா பிலோமினா கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போனா. காலி வீதியின் கடல் பக்கம், இரண்டாம் மாடியில் ஃபிளாட். அக்காமாரும் தங்கச்சிமாரும் சுகமோ என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா? அதனால் நாங்களும் ஊரைப்போல ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் 'ஆஸ்பத்திரியில்'. விட்டுவிட்டால், நோயாளியைத் துண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுபோல, 'துண்டு வெட்டியாச்சு'. தெருவில் சோதனை என்றால் 'மழை'. வெயில் கொளுத்தும் நாளில் அக்கா எடுத்து, "இங்க நல்ல மழை, இண்டைக்கு வராத" என்பா. நான் குடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பேன். எங்கள் பேச்சை யாராவது உண்மையில் கேட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. கேட்டார்கள் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

ஜேர்மனிக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல அது விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு அக்காவுக்கு எடுப்பேன். விலைவாசி, முழங்கால் வலி, யாருடைய மகள் யாரோடு போனாள், எல்லாம் கதைப்போம். அக்கா வட்ஸப்புக்கு வரமாட்டா. "ஓசியில தாறவன் எங்கயோ புடுங்குவான்" என்பது அவவுடைய கொள்கை. ஆகவே வெள்ளவத்தை வீட்டின் பழைய தொலைபேசிக்கு, சாதாரண அழைப்பாகத்தான் எடுக்க வேண்டும். அது ஹோலில் இருக்கிறது. பக்கத்துக் கதிரையில் அக்காவின் கணவர், என் அத்தான், இருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பழைய பாஷை திரும்பி வந்தது. அரசாங்கத்துக்குப் பயந்து அல்ல, அந்தக் கதிரைக்குப் பயந்து.

அக்காவின் ஒரே மகள் ஷெரின். அத்தான்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம், கல்கிசையில் சொந்த ஃபிளாட். அந்த நல்ல மாப்பிள்ளை ஷெரினை அடிக்கிறான் என்பதை அக்கா எனக்குச் சொன்ன விதம் இது: "பார்சல் உடைஞ்சு வருது ஜெசி. முதலாளி சாமானைக் கவனமாப் பாவிக்கிறான் இல்ல."

ஷெரின் பார்சல் ஆனாள். புருஷன் முதலாளி ஆனான். குழந்தை 'சின்னப் பெட்டி'. பல ஞாயிறுகளாக நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். முதலாளி காலமை வேலைக்கு வெளிக்கிட்டதும் வான் பின் லேனுக்கு வர வேண்டும். பார்சலையும் சின்னப் பெட்டியையும் எடுக்க வேண்டும். நகை அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, பாஸ்போட் அதற்கடியில். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் 'பிளேன் சத்தம் கேக்கிற பக்கம்' வைக்க வேண்டும். அதாவது இரத்மலானையில், ஷெரினோடு படித்த ஒரு சிநேகிதியின் வீட்டில்.

வானுக்கு நான்தான் பணம் அனுப்பினேன். ஒருநாள் பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மகள் தானாகவே கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள் என்றுதான் அத்தான் நம்பினார். மருமகன் வந்து அவருக்கு முன்னால் அழுதான். இரண்டு பேருமாக ஊரெல்லாம் அவளைத் தேடினார்கள்.

3

பொலிஸ் நிலையத்தில் என்னை அழைத்த பெண் என் மகன் வயதுதான் இருப்பாள். தண்ணீர் தந்தாள். நான் சாட்சி மட்டுமே, என்னை நானே குற்றத்துக்குள் இழுக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று வாசித்தாள். பிறகு பிரவீனை எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

பிரவீனை எப்படித் தெரியாது? டானியலோடு பள்ளிக்கூடம் போன பெடியன். எங்கள் வீட்டில் சாப்பிடுவான். "ஆன்ட்டி, என்ட ஃபோன் பழுதாப்போச்சு, ஒருக்கா உங்கடயைத் தாங்கோ" என்று கேட்டு வாங்கி, பல்கனிக்குப் போய்ப் பேசிவிட்டுக் கொண்டுவந்து தருவான். ஒருமுறை இரண்டுமுறை அல்ல.

எங்கள் பகுதியில் கள்ளர்கள் தமிழ் வீடுகளைப் பார்த்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாமத்தியவீடு, கலியாணம் என்று குடும்பத்தோடு போகும் நாளில் வந்து தாலிக்கொடி முதல் எடுத்துப்போவார்கள். எந்த வீடு என்றைக்குக் காலியாக இருக்கும் என்று ஒரு தமிழன் சொல்லாமல் அது நடக்காது என்று எல்லோரும் பேசினோம். சொன்னவன் பிரவீன். சொல்லியது என் தொலைபேசியில்.

அவள் விளக்கினாள். முன்பெல்லாம் கொலை, போதைப்பொருள், கும்பலாகக் களவு என்று சில பாரதூரமான குற்றங்களுக்குத்தான் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதி கொடுக்கலாம். குடியிருக்கும் வீட்டை உடைப்பதையும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். சந்தேக நபர் இன்னொருவரின் தொலைபேசியைப் பாவித்தால், அதையும் கேட்கலாம்.

அந்தச் சட்டம் எனக்குப் புதிதல்ல. அது வந்த நேரம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒருவர் எழும்பி, இனிக் கள்ளர்களின் ஃபோனைப் பொலிஸ் கேட்கலாம் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். ஃபோன் என்றால் கள்ளர்களின் ஃபோன் என்றுதான் எல்லோரும் விளங்கிக்கொண்டோம்.

"பிரவீனின் அழைப்புகள் எங்களுக்கு விளங்குகின்றன" என்றாள் அவள். "உங்களுடையவைதான் விளங்கவில்லை."

மேசையில் தாள்களை விரித்தாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில் இருந்தன. முதலாளி யார்? வான் யாருடையது? யாருடைய அலுமாரியின் கீழ்த்தட்டில் நகை? பார்சலில் என்ன? ஏன் அதை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னீர்கள்?

மூலையில் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர். தான் பக்கத்து நகரம் என்று சொல்லியிருந்தார். அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி அந்த நகரத்தில்தான் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குப் போகிறவர்களாகக்கூட இருக்கலாம். நான் இங்கே வாய் திறந்தால் அது வெள்ளவத்தை ஹோலுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் எடுக்கும்? இரத்மலானை என்ற பெயர் போய்ச் சேர்ந்தால் ஷெரினின் கதி என்ன?

"எனக்குத் தமிழாள் வேண்டாம்" என்றேன். "நான் டொச்சில் சொல்கிறேன்."

என் டொச் சமையலறை டொச். உப்பு, கொதி, மசி, துடை. ஆனாலும் தொடங்கினேன். பார்சல் என்பது என் அக்காவின் மகள். முதலாளி என்பது அவளுடைய கணவன். அவன் கெட்டவன். ஒவ்வொரு கிழமையும் அவளை அடிக்கிறான் என்று சொல்ல வேண்டும். டொச்சில் 'ஷ்லேக்ட்' என்றால் அடிக்கிறான். 'ஷ்லேஃப்ட்' என்றால் தூங்குகிறான். பதற்றத்தில் என் நாக்கு எது சுலபமோ அதை எடுத்தது.

"அவன் தூங்குகிறான்" என்றேன். "குழந்தைக்கு முன்னாலேயே தூங்குகிறான்!"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அது குற்றமில்லையே" என்றாள், மெதுவாக.

"குடித்துவிட்டு வந்தால் இன்னும் கூடத் தூங்குகிறான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மூலையில் இருந்தவர் பொறுக்க முடியாமல் அந்த ஒரு சொல்லைத் திருத்திச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"அக்கா, உங்கட ஃபோன் கோலுகளை டொச்சுக்கு மாத்தினது நான்தான். எனக்கு முதலே விளங்கினது. பார்சல் எண்டுறது ஒரு ஆளா இருக்கலாம் எண்டு பக்கத்தில எழுதியும் விட்டனான். நான் சத்தியம் எடுத்த ஆள், ஒருத்தருக்கும் சொல்லேல்ல, சொல்லவும் மாட்டன்."

என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் அதையும் டொச்சில் ஒப்புவித்தார்.

எனக்கு உடனே ஆறுதல் வரவில்லை. இவ்வளவு மாதமாக ஒரு மனிதர் எங்கள் குடும்பத்துக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார். அக்காவின் முழங்கால் எது வலிக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு தமிழில்தான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் மாற்றினார். கடைசியில் அந்தப் பெண், "உங்கள் அக்காவின் மகள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா?" என்று கேட்டாள். அது விசாரணைக்குத் தேவையான கேள்வி அல்ல என்று நினைக்கிறேன்.

4

வழக்கு நடந்து பிரவீனுக்குத் தண்டனை கிடைத்தது. அதன்பின் அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்திலிருந்து எனக்கு அறிவித்தல் வந்தது. இந்த நாட்டில் ஒருவரின் பேச்சை ஒட்டுக்கேட்டால், முடிந்த பிறகு அவருக்கு அதை அறிவிக்க வேண்டும். கேட்டது சரியா என்று நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. வாசித்து முடித்துவிட்டு நீண்ட நேரம் யோசித்தேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கேட்டவர்கள் எல்லோரும் இப்படி அறிவித்திருந்தால் தபால்காரர் எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பார்.

நான் முறையிட விரும்பவில்லை. டானியல் விட்டால்தானே. தன் சிநேகிதனால் வந்த வினை என்று அவனுக்குள் இருந்திருக்க வேண்டும். அதை வாயால் சொல்லவில்லை, ஒரு சட்டத்தரணியைப் பிடித்தான். அவர் வழக்குக் கோவையைப் பார்க்க அனுமதி எடுத்தார். எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால் என் அழைப்புகளின் எழுத்து வடிவத்தை எங்களுக்கு முன்னால் வைத்தார்.

டானியல் வாசித்தான். டானியலுக்குத் தமிழ் வராது. 'வாங்கோ', 'சாப்பிட்டனான்', 'போதும்' என்ற மூன்று சொல்லோடு வளர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதைக்கத் தொடங்கினால் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு அறைக்குள் போவான். இப்போது டொச்சில் இருந்ததால் அவனுக்கு எல்லாம் விளங்கியது. இரண்டாம் பக்கத்தில் சிரித்தான்.

"அம்மா, பெரியம்மா இப்படிப் பகிடி விடுவாவா?"

"எப்போதும்" என்றேன்.

அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. எட்டிப் பார்த்தேன். எனக்கு வாசிக்க முடிந்த சொல்தான். 'உண்டர்மீட்டர்'. வாடகைக்கு அறை எடுத்து இருப்பவன். அக்கா டானியலைப் பற்றிக் கேட்டிருக்கிறா. நான் சொல்லியிருக்கிறேன்: "என்னோட கதைக்கிறதே இல்ல அக்கா. வாடகைக்கு இருக்கிற பெடியன் மாதிரி. நான் செத்துக் கிடந்தாலும் சமையல் மணம் வரேல்ல எண்டுதான் கதவைத் தட்டுவான்." பார்சல் கதைக்கு நடுவே வந்ததால் அதையும் விடாமல் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள்.

அவன் பக்கத்தைத் திருப்பினான். அடுத்தது வெறுமையாக இருந்தது. மேலே மட்டும் ஒரு வரி. சட்டத்தரணி விளக்கினார்: தனிவாழ்வின் மிக அந்தரங்கமான பகுதியை அரசு தொடக்கூடாது. தவறிப் பதிவானாலும் உடனே அழிக்க வேண்டும். இந்த அழைப்பை அப்படி அழித்திருக்கிறார்கள்.

"இதில என்ன கதைச்சனீங்கள்?" என்று டானியல் கேட்டான்.

எனக்கு நினைவிருந்தது. அது அத்தான் கோயிலுக்கு, நவநாள் செபத்துக்குப் போயிருந்த நேரம். அன்றைக்கு அக்கா பார்சல் என்று சொல்லவில்லை. ஷெரின் பக்கத்தில் இருந்தாள். ரிசீவரை வாங்கி, "சித்தி, நான் சொல்றன்" என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொன்னாள். எங்கே அடித்தான், எதால் அடித்தான், பிள்ளை எங்கே நின்றது. அழுது அழுது சொன்னாள்.

நாங்கள் மறைத்துப் பேசியதெல்லாம் எழுத்தில் இருந்தது. மறைக்காமல் பேசிய ஒன்று மட்டும் இல்லை.

படி இறங்கும்போது டானியல் டொச்சில் சொன்னான்: "ஆனால் நான் வாடகை தருவதில்லையே அம்மா." அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் மெதுவாக இறங்கினான்.

5

அந்தக் கோடையில் கொழும்புக்குப் போனேன். தொலைபேசியில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தானிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, நானும் அக்காவும் வெள்ளவத்தையில் ரயில் எடுத்து இரத்மலானைக்குப் போனோம். சிநேகிதியின் வீட்டு மேல்மாடியில் ஷெரினும் பிள்ளையும். ஷெரின் மெலிந்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து நடந்தாள்.

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப எங்கட பார்சல் கதையெல்லாம் வெள்ளைக்காரர் கேட்டவங்களா?"

"ஓம் அக்கா."

"முதலாளியையும்?"

"ஓம். அவனைப் பெரிய கள்ளர் தலைவன் எண்டு நினைச்சிருக்கினம்."

அக்கா சிரிக்கத் தொடங்கினா. கட்டிலில் இருந்து சிரித்துச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. ஷெரின் சிரிக்கவில்லை.

"சித்தி, அண்டைக்கு நான் உங்களோட கதைச்சதும் பதிவாகியிருக்குமா?"

அவளுக்கு ஏன் அது வேண்டியிருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கணவன் தன்னையும் பிள்ளையையும் நெருங்கக் கூடாது என்று பாதுகாப்புக் கட்டளை கேட்டு அவள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தாள். ஒருமுறைகூடக் கை வைக்கவில்லை என்று அவன் சத்தியக் கடதாசி கொடுத்திருந்தான். அத்தோடு, நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று பொலிஸில் முறைப்பாடும் செய்திருந்தான். அவளுடைய சீதன நகையைத்தான் சொன்னான். அவள் ஒருநாளும் வைத்தியரிடம் போகவில்லை, படம் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒரே சாட்சி அவள் அன்று அழுதுகொண்டு பேசிய பேச்சு. அதை ஒரு அரசாங்கம் பதிவு செய்திருந்தது.

"அழிச்சுப்போட்டாங்கள் ஷெரின்."

"ஏன்?"

"அது உன்ட அந்தரங்கமாம். அதைக் கேக்க அவங்களுக்கு உரிமை இல்லையாம்."

ஷெரின் பிள்ளையின் தலையைத் தடவினாள். மேலே ஒரு விமானம் தாழப் போனது. அது போய் முடியும்வரை யாரும் பேச முடியவில்லை.

"நல்ல சட்டம்தான்" என்றாள் பிறகு.

அவளுடைய சட்டத்தரணி ஹெவ்லொக் டவுனில் இருந்தா. நடுவயதுப் பெண். நான் ஜேர்மனியிலிருந்து பிரதியெடுத்துக் கொண்டுபோன பக்கங்களின் கருத்தைக் கேட்டா. முதலாளி வெளிக்கிட்டதும் வான், கீழ்த்தட்டில் நகை என்று நான் சொல்லச் சொல்ல அவவின் புருவம் ஏறியது.

"ஆன்ட்டி, இதை வேற ஆருக்கும் காட்டினீங்களா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. இத மற்றப் பக்கம் கண்டா அவங்கட கேஸுக்குத்தான் உதவும். பேக்குக்குள்ள வையுங்க." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினா. "பேப்பரை விடுவம். ஆன்ட்டி, நீங்க கண்ணால ஏதும் கண்டதா?"

அக்கா தன் கையைப் பார்த்தா. "கண்டனான்" என்றா.

"கோர்ட்ஸ்ல சொல்லுவீங்களா?"

"அவர் வருவார்" என்றா அக்கா. கணவனைச் சொன்னா. மருமகன் தன் நல்ல நடத்தையைச் சொல்ல அத்தானையும் கூட்டிவரப் போவதாக ஒரு கதை அடிபட்டது.

சட்டத்தரணி வற்புறுத்தவில்லை. திரும்பி வரும்போது நான் அக்காவைப் பற்றித்தான் யோசித்தேன். அவவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது. அந்த ஃபிளாட் அத்தானின் பெயரில். அத்தானின் ஓய்வூதியத்தில் சீவியம். சாட்சி சொல்லிவிட்டு எந்தக் கதவைத் தட்டுவா?

"என்னோட வந்திருங்கோ அக்கா" என்றேன். அந்த நேரம் உண்மையாகத்தான் சொன்னேன்.

"அங்க வந்து ஆரோட கதைக்க?" என்றா.

6

நீதிமன்றத்துக்கு அத்தான் வந்தார். மருமகனின் காரில் வந்து இறங்கினார். எங்களைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். எதற்காக வந்தோம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு உள்ளே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். நான் அதே வாங்கின் மற்றக் கரையில். சாட்சி என்பதால் அக்காவை வெளியே இருத்தினார்கள்.

பெயர் கூப்பிட்டதும் அக்கா உள்ளே வந்தா. பைபிளில் கை வைத்தா. நீதவானும் சட்டத்தரணிகளும் சிங்களத்தில் பேச, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அக்கா சிங்களம் நன்றாகப் பேசுவா. மீன்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடிக்கிறவ. அன்றைக்குத் தமிழில்தான் சொல்வேன் என்றுவிட்டா.

"பேத்திக்கு இரண்டாவது பிறந்தநாள். கல்கிசை வீட்டில. ஹோல்ல ஆக்கள் நிறைஞ்சு இருந்தவை. நான் கேக் வெட்டக் கத்தி எடுக்கக் குசினிக்குப் போனனான். இவர், என்ட மகளின்ட புருஷன், அவளின்ட தலைமயிரைப் பிடிச்சு முகத்தைக் கப்போட் கதவில அடிச்சவர். இரண்டு தரம். ஹோல்ல பாட்டுப் பாடத் தொடங்கிட்டினம். அவள் முகத்தைக் கழுவிப்போட்டு வந்து கேக் வெட்டினவள்."

மொழிபெயர்ப்பாளர் இடையில் ஒருமுறை நிறுத்தி மூச்சு எடுத்தார். நான் அத்தானைப் பார்க்கவில்லை. வாங்கு கிறீச்சிட்டது மட்டும் கேட்டது. அந்தப் பிறந்தநாளில் உரத்துப் பாடியவர்களில் அவரும் இருந்திருப்பார்.

மருமகனின் சட்டத்தரணி எழும்பினார். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்ட தாய் ஏன் பொலிஸுக்குப் போகவில்லை, ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"வெக்கம்" என்றா அக்கா.

"லஜ்ஜாவ" என்றார் மொழிபெயர்ப்பாளர். நீதவான் எழுதிக்கொண்டார்.

தான் வானுக்கு ஏற்பாடு செய்ததையும், நகையை எடுக்கச் சொன்னது தான்தான் என்பதையும் அக்கா கேட்காமலே சொன்னா. "அது நான் மகளுக்குப் போட்ட நகை. அவளோட வாறதுதானே நியாயம்." ஷெரினின் சட்டத்தரணி கண்ணை மூடித் திறந்தா. ஆனால் அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

கட்டளை கிடைத்தது. அவன் ஷெரினையோ பிள்ளையையோ நெருங்கக் கூடாது. பிள்ளை தாயோடு. நகை முறைப்பாடு இன்னும் பொலிஸில் கிடக்கிறது. விவாகரத்துக்கு இன்னும் எத்தனை வருடமோ. இருந்தாலும் ஷெரின் அன்றைக்கு வாசலில் நின்று எல்லோருக்கும் முன்னால் பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டாள்.

அத்தான் மருமகனின் காரில் ஏறவில்லை. வெயிலில், காலி வீதி ஓரத்தில், தனியாக நின்றார். அக்கா அவரிடம் போனா. பின்னாலேயே நானும் போனேன். நிமிர்ந்து நடக்கும் மனிதர். அன்றைக்குத் தோள் இறங்கியிருந்தது. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போன பிறகு சொன்னார்:

"பிலோ, எனக்கு ஒருக்கா சொல்லியிருக்கலாமே."

அக்கா கோபப்படவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சுகம் விசாரிக்கும் குரலில் சொன்னா:

"முதல் வருஷமே சொன்னனான். நீங்க டிவியில நியூஸ் சத்தத்தைக் கூட்டி வச்சனீங்க."